பயிலும் மருந்தாளரும் மேற்பார்வையாளரும்

பிரித்தானியாவில் மருந்தாளர் பட்டம் பெற்றோர் பொதுவாக உடனே தொழிலிற் பதிவுபெறுதல் இயலாது. 52 வாரம் மேற்பார்வையாளர் ஒருவரின் கீழ்ப் பயிலல் வேண்டும். 2021 முதல் இஃது அடித்தளப் பயிற்சியாண்டு எனப்படுகின்றது.

பதிவுப் பரீட்சையும் உண்டு. அதனை மூன்று முறைக்கு மேல் எழுதவொண்ணாது. எனினும், மருத்துவரின் சீட்டிற் பத்து மடங்கு மிகுந்த அளவைக் கண்டவர் அஞ்சாது அவரையே தொலைபேசியில் அழைத்து வினவுவாரா என்பதை வினாத்தாள் அறியாது. அருகிருந்து பார்ப்பவரே அறிவார். ஆதலின் 13, 26, 39 ஆம் வாரங்களில் மேற்பார்வையாளர் அறிக்கை எழுதுகின்றார், ஈற்றிற் கையொப்பமிடுகின்றார். 39 ஆம் வாரத்து அறிக்கை திருப்தியாக அமையாதவர் பரீட்சை எழுதல் இயலாது. எனவே முதலறிக்கையே தலையாயது என்போம். குறையைத் திருத்தக் காலம் மிகுதியாய் உள்ளது அப்பொழுதன்றோ? அன்று இரக்கத்தால் நன்றென எழுதிவிட்டுப் பின்னர்க் குறைகூறல் பயில்வோர்க்குச் செய்யுந் தீங்கு.

கற்பித்தற் பயிற்சியின்போது பின்வாங்கிலிருந்து குறிப்பெழுதிய விரிவுரையாளரை ஆசிரியராகிய நாம் எளிதில் மறவோம். ஆனால் மருந்துச்சாலையிலே நோயாளியின் உயிரும் அக்குறிப்பிற் தங்கியுள்ளது.

2025 இல் தொடங்கிய பயிற்சியாண்டு முதல் மருந்து எழுதிக்கொடுக்கும் உரிமைக்கும் இவர்கள் பயிற்றப்படுகின்றனர். அதற்கென 90 மணிநேரம், அவ்வுரிமை பெற்ற அனுபவசாலி ஒருவரின் கண்காணிப்பு வேண்டும். அவரும் ஒப்பமிடல் வேண்டுமாதலின், கையொப்பங்கள் இரண்டாயின.