குதிரைக்கு எந்த அளவு கடிவாளம்?

செஞ்சிக் கோட்டை என்றதும் தேசிங்கு ராஜனின் குதிரைதான் நினைவுக்கு வரும். கோட்டைக்குள் குதிரை லாயத்தை இன்றும் பார்க்கலாம். மாட்டுக்கு மூக்கணாங்கயிற்றைப் பார்த்துப் பார்த்துப் போடும் நாம், குதிரைக்கு மட்டும் கடையில் கிடைத்த கடிவாளத்தை மாட்டிவிடுகிறோம். செஞ்சி, சீயமங்கலம் வட்டாரத்தில் குதிரை வளர்ப்பவர்களும், ஆடி மாதம் அந்தியூர் குருநாத சுவாமி கோயில் சந்தையில் குதிரை வாங்க நினைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல் இல்லாத ஈறு உண்டு. கடிவாளக் கம்பி அங்கேதான் அமரும். அந்த ஈறு மெல்லியது. அதன் அடியில் உடனே எலும்பு. அதனால்தான் அளவு தவறினால் வலி அதிகம்.

அளப்பது எப்படி?

விரல் தடிமனுள்ள, வழவழப்பான பிளாஸ்டிக் குழாயைக் கம்பி அமரும் இடத்தில் வையுங்கள். இரு உதடுகளின் வெளி ஓரத்திலும் குறியிட்டு, இடைப்பட்ட நீளத்தை அளங்கள். அதனுடன் 1 செ.மீ. கூட்டினால் கம்பியின் அளவு கிடைக்கும். அதாவது, பக்கத்துக்கு அரை செ.மீ. வெளியே தெரிய வேண்டும். குட்டையாக இருந்தால் வாயோரம் கிள்ளும். நீளமாக இருந்தால் பக்கவாட்டில் இழுபடும்.

தலைவாருக்கு, ஒரு வாயோரத்திலிருந்து காதுகளுக்குப் பின்னால் சுற்றி மறு வாயோரம் வரை அளக்க வேண்டும்.

மாட்டிய பின் பாருங்கள்

* வாயோரத்தில் ஒன்று அல்லது இரண்டு சுருக்கம் விழ வேண்டும். சுருக்கமே இல்லையென்றால் கம்பி தொங்குகிறது. ஆண் குதிரையின் கோரைப்பல்லில் இடிக்கும்.
* மூக்குப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும்.
* தொண்டைப்பட்டைக்குள் நான்கு விரல் நுழைய வேண்டும். இறுகினால் மூச்சு முட்டும்.
* நெற்றிப்பட்டை காதின் அடியில் அழுத்தக் கூடாது.

தலையை உதறுவது, நாக்கை வெளியே தள்ளுவது, வாயோரம் புண்ணாவது ஆகியவை கடிவாளம் பொருந்தாததன் அறிகுறிகளாக இருக்கலாம். 'முரட்டுக் குதிரை' என்று வந்த விலைக்குத் தள்ளிவிடும் முன் கடிவாளத்தைக் கழற்றி வாயைப் பாருங்கள். புண் இருந்தால், ஆறும் வரை கம்பி போடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடங்காத குதிரைக்கு முள் வைத்த கடிவாளம் வாங்குபவர்களும் உண்டு. வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் கால்நடைகளுக்கான 1965-ம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகள் அதைத் தடை செய்கின்றன. முள் குத்திய வாய் மரத்துப்போகும். பிறகு லகானை எவ்வளவு இழுத்தாலும் குதிரை நிற்காது. அளவான, வழவழப்பான கம்பியே குதிரைக்கும் நல்லது, உங்கள் பாதுகாப்புக்கும் நல்லது.