பெட்டி சொல்லும் ஸ்கேட்டிங் பாடம்

திருவனந்தபுரம் தம்பானூரில் பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் எதிரெதிரே. நாகர்கோவில் பேருந்தில் வந்திறங்கி ரயிலைப் பிடிக்க ஓடுபவர்களின் கையிலிருக்கும் இரண்டு சக்கர டிராலி பெட்டியைக் கவனியுங்கள். நேராக இழுத்தால் சாதுவாகப் பின்தொடரும். அவசரத்தில் குறுக்கே இழுத்தால் தரையைத் தேய்த்துக்கொண்டு அடம்பிடிக்கும். நீளவாக்கில் உருளும், குறுக்கே உருளாது. சக்கரத்தின் இந்த ஒரே குணம்தான் ஸ்கேட்டிங்கில் முன்னே போகவும் உதவுகிறது, நிற்கவும் உதவுகிறது.

நடக்கும்போது தரையைப் பின்னோக்கி உதைக்கிறோம். ஸ்கேட்ஸ் அணிந்துகொண்டு அப்படி உதைத்தால் கால் மட்டும் பின்னால் உருண்டுவிடும். அதனால் குதிகால்களைச் சேர்த்து, விரல் பக்கத்தை விரித்து, ஒரு காலால் பக்கவாட்டில் தள்ள வேண்டும். சக்கரம் அந்தத் திசையில் உருளாததால் பிடிமானம் கிடைக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி தரை நம்மைத் திருப்பித் தள்ள, உடல் மற்றக் காலின்மேல் உருண்டு முன்னேறுகிறது. பிறகு கால் மாற்றித் தள்ள வேண்டும்.

முழங்கால் மடங்கியே இருக்கட்டும். விறைப்பாக நின்றால் எடை குதிகாலுக்குப் போய் மல்லாந்து விழ நேரும். மடக்கினால் ஈர்ப்பு மையம் தாழும். விழுந்தாலும் முழங்கால் கவசத்தின்மேல் விழலாம்.

போவது பாதிக் கல்விதான். சக்கரக் காலணியின் முன்னோடியான, 18ஆம் நூற்றாண்டின் ஜான் ஜோசப் மெர்லின், லண்டன் மாறுவேட விருந்தொன்றில் வயலின் வாசித்தபடி உருண்டு வந்து, நிற்க வழியின்றிப் பெரிய நிலைக்கண்ணாடியில் மோதி நொறுக்கினார் என்று சொல்வார்கள்.

இன்று வழிகள் உண்டு. எடையை முன்காலில் வைத்து, பின்காலை அதற்குக் குறுக்கே வைத்து மெல்ல இழுப்பது ‘டி ஸ்டாப்’. குறுக்கே இழுத்த பெட்டிதான் இது. உராய்வு நமது இயக்க ஆற்றலை வெப்பமாக்கிவிடுகிறது. சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த இன்லைன் ஸ்கேட்ஸில் ஹீல் பிரேக் இருந்தால், அந்தக் காலை முன்னே நீட்டி, விரல் பக்கத்தைத் தூக்கி, ரப்பர் கட்டையைத் தரையில் அழுத்த வேண்டும்.

ஆனால் வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் 4 மீட்டரில் நிற்பவருக்கு, அதே அழுத்தத்தில் 20 கி.மீ. வேகத்தில் 16 மீட்டர் வேண்டும்.

சென்னை இளைஞர் ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் சீனாவின் பெய்தைஹேயில் 1,000 மீட்டரை 1 நிமிடம் 24.924 விநாடியில் கடந்து உலகச் சாம்பியனானார். சராசரி வேகம் மணிக்குச் சுமார் 42 கி.மீ. முன்சொன்ன கணக்கில், அந்த வேகத்திலிருந்து நிற்க 70 மீட்டருக்கும் மேல் தேவை.

பிள்ளைக்கு ஸ்கேட்ஸ் வாங்கும் அன்றே தலை, மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் கவசங்களையும் வாங்குங்கள். வாகனம் வராத சமதளத்தில் பழக்குங்கள். நினைத்த கோட்டில் நிற்கத் தெரிந்த பிறகே வேகம் பழகட்டும்.