பச்சைத் தண்ணீருக்கு இரண்டு சாப்பாடு

நவம்பர் மழை பிடித்துவிட்டால் பதுளைப் பக்கம் நாள் முழுக்க மப்பும் மந்தாரமும்தான். நமுனுகுலை மலை மூட்டத்துக்குள் மறைந்துவிடும். வெயிலையே காணோம். ஆனாலும் தோட்டத்துக் குட்டைகள் பல பச்சையாகவே கிடக்கும்.

அந்தப் பச்சை, தாவரப் பிளாந்தன்கள் என்னும் நுண்ணுயிர்களின் கூட்டம். கொழுந்தில் உள்ள பச்சையம் இவற்றிலும் உண்டு. வெயிலைக்கொண்டு தமக்கு வேண்டிய உணவைத் தாமே ஆக்கிக்கொள்ளும். ஒளித்தொகுப்பு என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். ஆனால், இவற்றில் பலவற்றுக்கு இன்னொரு சாப்பாடும் இருக்கிறது, பிள்ளைகளே!

கவ்வாத்து வெட்டிய இலை, நிழல்மரச் சருகு, சாணம், லயத்துக் கானில் ஓடிவரும் கழுவுநீர் எல்லாவற்றையும் மழை குட்டையில் சேர்க்கிறது. அவை ஊற ஊற, தேயிலையிலிருந்து சாயம் இறங்குவதுபோல வெல்லங்களும் அமினோ அமிலங்களும் நீரில் கரைகின்றன. இவைதான் கரைந்த சேதனப் பொருள்கள். பற்றீரியாக்கள் இவற்றைத் தின்னும். சில பச்சை உயிர்களும் அந்தப் பந்தியில் உட்காருகின்றன.

அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது யூக்ளினா. ஒரே கலம்தான் உடல். நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு. சவுக்கு போன்ற ஓர் இழையைச் சுழற்றி நீந்தும். கரைந்த உணவை உடலின் மேற்பரப்பு வழியாகவே உறிஞ்சிக்கொள்ளும். ஆய்வுகூடத்தில் யூக்ளினாவை உணவு கரைந்த நீரிலிட்டு இருட்டில் வைத்தார்கள். சாகவில்லை, பெருகியது! பச்சை மட்டும் வெளுத்துப்போயிற்று. மறுபடி வெளிச்சத்தில் வைத்ததும் மூன்று நாளளவில் பச்சை திரும்பிவிட்டது. இதைத் தாவரம் என்பதா, விலங்கு என்பதா? இரண்டிலும் அடங்காத உயிர் என்பதே சரி.

துன்ஹிந்தவில் 64 மீற்றர் குதிக்கும் பதுளை ஓயா மகாவலியில் கலந்து, திருகோணமலையருகே கடலைச் சேர்கிறது. கடலிலும் இதே கதைதான். வெதுவெதுப்பான கடல்களில் வாழும் புரோகுளோரோகொக்கஸ் என்ற நுண்ணுயிரை, அமெரிக்க அறிவியலாளர் சாலி சிஷோமின் குழு 1988இல் உலகுக்கு அறிவித்தது. உலகிலேயே மிகச்சிறிய ஒளித்தொகுப்பு உயிர் அதுதான். அதுகூட நீரில் கரைந்த குளுக்கோசை உள்ளெடுப்பது பின்னர் தெரியவந்தது. வெயில்தான் அதற்கும் முதல் சாப்பாடு, கரைந்தது கூடுதல்.

உங்கள் பள்ளிக்கூடத்தில் நுணுக்குக்காட்டி இருந்தால், பச்சைக் குட்டைநீரில் ஒரு சொட்டு வைத்துக் காட்டும்படி அறிவியல் ஆசிரியரைக் கேளுங்கள். பச்சை உடலில் சிவப்புப் பொட்டு ஒன்று தெரிந்தால், அது யூக்ளினாவாக இருக்கலாம். பார்த்து முடித்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ மறக்காதீர்கள்.