பத்து விரல் கணக்கு!

பி.காம். படித்தவன் நான். நஷ்டக் கணக்கைத் தவிர வேறு எதற்கும் பயப்படாதவன். அப்பேர்ப்பட்ட என்னை ஒரு கால் கட்டைவிரல் நகம் கலங்கடித்துவிட்டது. என்னுடையது அல்ல, அப்பாவுடையது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அரை பிளேடை வைத்துக்கொண்டு நகத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார் அப்பா. நகமா அது? மஞ்சளாகத் தடித்து, ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்து... தரையில் ரத்தம்.

"அப்பா, ரத்தம்!"

"வலியே தெரியலைடா!" என்றார் பெருமையாக.

இந்தப் பெருமையை டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "எத்தனை வருஷமா சர்க்கரை?"

"பதினாலு."

"வலி தெரியாததுதான் ஸார் ஆபத்தே! நரம்பு மரத்துப்போச்சு. சின்னக் காயம் புண்ணாகி, ஆறாம போனா விரலையே எடுக்க வேண்டி வரலாம். இனிமே பிளேடைத் தொடாதீங்க."

அப்பா மௌனமாகிவிட்டார்.

நகம் இப்படித் தடிக்கப் பழைய அடி, வயசு, பூஞ்சைத் தொற்று, சோரியாசிஸ் என்று பல காரணம் உண்டாம். பார்வைக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். அதனால் நகத்துணுக்கை லேபில் பார்த்துவிட்டுத்தான் மருந்து. அப்பாவுக்குப் பூஞ்சை. தடித்த நகத்தை டாக்டரே பதமாக அராவி மெலிதாக்கினார். கல்லீரலுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, டெர்பினாஃபைன் மாத்திரை 12 வாரத்துக்கு எழுதினார்.

"அப்போ மூணு மாசத்துல நகம் புதுசாயிடுமா டாக்டர்?"

"கால் நகம் மாசத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். கட்டைவிரல் நகம் முழுசா மாற 12 முதல் 18 மாசம் ஆகும்."

ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி! அவசரப்பட்டுப் பாதியில் நிறுத்தினால் நஷ்டம் நமக்குத்தான்.

சும்மா இராமல், ஷூ போட்டால் வலிக்கிற என் விரலையும் நீட்டினேன்.

"நகத்தோட ஓரத்தை வளைச்சு வெட்டுவீங்களா? முனை கூரான ஷூவா?"

இரண்டுக்கும் ஆமாம். குற்றவாளி நானே! வளைத்து வெட்டிய ஓரம், ஷூ நெருக்க நெருக்கச் சதைக்குள் புகுந்துவிடுகிறது. ஆரம்பத்திலேயே கவனித்தால் வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, நக ஓரத்துக்கு அடியில் துளி பஞ்சு வைத்தாலே போதும் (சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தக் கைவைத்தியம் கூடாது). சீழ் வைத்தால் டாக்டர்தான். திரும்பத் திரும்ப வந்தால், மரத்துப்போக ஊசி போட்டு ஓரத்தை மட்டும் எடுத்து, வேரில் ஃபீனால் வைப்பார்கள். அந்த ஓரம் பெரும்பாலும் மறுபடி முளைக்காது. (வீடு கழுவுகிற ஃபினாயிலை எடுத்துக்கொண்டு யாரும் கிளம்பிவிட வேண்டாம்!) இனி நகத்தை நேராக வெட்டுங்கள், ஒட்ட வெட்டாதீர்கள்.

இப்போதெல்லாம் தினமும் ராத்திரி, டார்ச் அடித்து அப்பாவின் பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்ப்பது என் வேலை. காலை நீட்டக் கூச்சப்பட்டவர், இப்போது கிண்டலே செய்கிறார்.

"என்ன ஆடிட்டர் ஸார், கணக்கு சரியா இருக்கா?"

"பத்து விரல். சரியா இருக்குப்பா!"