படிப்படியாக வளரும் அரசு மென்பொருள்

2018 பிப்ரவரி 1 அன்று இ-வே பில் முறை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை வெளிமாநிலத்துக்கு அனுப்பும் வணிகர், இணையதளத்தில் சீட்டு எடுத்த பின்னரே வாகனத்தை அனுப்ப வேண்டும் என்பது விதி. முதல் நாளிலேயே தளம் சுமை தாங்காமல் முடங்கியது. அன்றே அரசு அவ்விதியை ஒத்திவைத்தது.

இரண்டாம் முறை அரசு வேறு வழியை மேற்கொண்டது. ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கிடையிலான சரக்குக்கு மட்டும் இ-வே பில் கட்டாயமாயிற்று. மாநிலத்துக்குள் செல்லும் சரக்குக்குக் கர்நாடகம் மட்டுமே அன்று தொடங்கியது. ஏப்ரல் 15 முதல் மேலும் ஐந்து மாநிலங்கள் சேர்ந்தன. ஏனையவை தொகுதி தொகுதியாக இணைய, ஜூன் மாதத்தில் நாடு முழுமையும் இம்முறையின்கீழ் வந்தது. சிறிதாகத் தொடங்கி, பயன்பாட்டைக் கண்டு, பின்னர் விரிவாக்கும் இந்த அணுகுமுறையே மென்பொருள் துறையில் ‘அஜைல்’ எனப்படும் முறையின் அடிப்படை.

பழைய முறையில் தேவைகள் அனைத்தையும் முதலிலேயே எழுதி, ஆண்டுக்கணக்கில் நிரல் அமைத்து, இறுதியில் சோதித்து, ஒரே நாளில் மக்களிடம் ஒப்படைப்பர். பிழை இருப்பின் அது கடைசி நாளில்தான் தெரியும். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., வழக்குக் கோப்புகளுக்காக உருவாக்கிய மென்பொருளை, சுமார் 17 கோடி டாலர் செலவான பின் 2005-இல் கைவிட்டது. அடுத்து வந்த ‘சென்டினல்’ திட்டமும் தாமதமானது. 2010-இல் அவ்வமைப்பு அப்பணியைத் தன் நேரடிப் பொறுப்பில் ஏற்று, இரண்டு வாரக் கூறுகளாகப் பிரித்துச் சிறு குழுவிடம் அளித்தது. 2012-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது.

வீட்டுக் கடன் பெற்றவர்களுக்கு இதன் தன்மை எளிதில் விளங்கும். அடித்தளம், சுவர், மேற்கூரை என ஒவ்வொரு நிலையையும் பார்வையிட்ட பின்னரே வங்கி அடுத்த தவணையை விடுவிக்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. வீட்டின் வரைபடம் முன்னரே முடிவானது. அஜைல் முறையிலோ, ஒவ்வொரு நிலையிலும் கற்றதைக் கொண்டு வரைபடத்தையே திருத்தலாம்.

அரசுத் துறைகளுக்குச் சிக்கல் இங்குதான் எழுகிறது. ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே தேவைகள் அனைத்தும் எழுதப்படுகின்றன. தணிக்கையும் அப்பட்டியலைக் கொண்டே நடைபெறுகிறது. நடுவில் மாற்றினால் ஏன் மாற்றினீர் என்ற கேள்வி வரும். ஆதலால், பயனற்றதென்று தெரிந்த பின்னும் பட்டியலில் உள்ளதையே செய்து முடிப்பது அதிகாரிக்குப் பாதுகாப்பாகிவிடுகிறது. ஒப்பந்த விதிகளும் தணிக்கை முறையும் மாறாமல் மென்பொருள் எழுதும் முறை மட்டும் மாறிப் பயனில்லை.

எல்லாவற்றையும் பகுதி பகுதியாகச் சோதித்துப் பார்க்கவும் இயலாது. வரிக் கணக்கீடும் தனிப்பட்ட தகவலின் பாதுகாப்பும் முதல் நாளிலேயே பிழையின்றி இருத்தல் வேண்டும். அடிக்கடி மாறும் படிவங்கள் சிறு வணிகருக்குச் செலவும் அலைச்சலும் தருவன. ஆகவே யாரிடம் முதலில் தொடங்குவது என்பதும் முக்கியம். இ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உடைய நிறுவனங்களுக்கே முதலில் கட்டாயமாயிற்று. பின்னர் வரம்பு படிப்படியாகக் குறைந்து, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியாயிற்று. சுமையைத் தாங்க வல்லவர் முதலில் தாங்கினர். சிறியோருக்கு ஆயத்தமாக அவகாசம் கிடைத்தது.

நடைமுறை மூலதனக் கடன் கோரும் வணிகரின் ஜிஎஸ்டி கணக்குகளை நாங்கள் பார்வையிடுகிறோம். எனவே தளத்தில் நேரும் தடங்கல், கடன் முடிவையும் தாமதப்படுத்தலாம். ஒவ்வொரு தாக்கலுக்கும் ஒப்புகைச் சீட்டைச் சேமித்து வையுங்கள். பிழை தோன்றினால், திரையில் வந்த செய்தியைத் தேதியுடன் பதிவு செய்து, தளத்தின் குறைதீர்ப்புப் பகுதியில் தெரிவியுங்கள். அடுத்த திருத்தத்தில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதை மென்பொருள் குழு அறிவது இத்தகைய பதிவுகளிலிருந்தே.