பானட்டுக்குள் இருந்த கவலை

1970களில் தமிழ்நாட்டில் ஒருவர் புது கார் வாங்க நினைத்தால் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவிலிருந்து வரும் அம்பாசிடர், பம்பாய் குர்லாவிலிருந்து வரும் பியட், நம் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு. அவ்வளவுதான் கடை. அதிலும் பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மகள் கல்யாணத்துக்குள் வண்டி வந்துவிடுமா என்று டீலரிடம் கேட்ட அப்பாக்கள் உண்டு. அதனால் ‘வண்டி பிடித்திருக்கிறதா?’ என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. வந்து சேர்ந்ததே பெரிசு.

அப்படி வந்த வண்டியைத் தினமும் ஓட்டியவருக்குக் காலையில் ஒரே கேள்விதான்: கிளம்புமா, கிளம்பாதா?

மதுரையில் என் பெரியப்பா வைத்திருந்த பியட்டை எடுத்துக்கொள்வோம். மார்கழிக் குளிரில் அதைக் கிளப்புவதற்கு ஒரு முறை இருந்தது. சோக்கை முழுதாக இழுக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை இரண்டு மிதி மிதிக்கலாம். ஆசைப்பட்டு நாலு மிதி மிதித்தால் பெட்ரோல் வாடை குப்பென்று வரும். “ஓவர்ஃப்ளோ ஆயிடுச்சு” என்று சொல்லிவிட்டு, சோக்கை உள்ளே தள்ளி, கதவைத் திறந்துபோட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டியதுதான். பேட்டரி இறங்கிய நாள் என்றால் தெருவில் போகிறவர்கள் எல்லாரும் உறவு. “தம்பி, ஒரு கை கொடுங்கப்பா” என்பார். நாலு பேர் தள்ள, ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் கியரை செகண்டில் போட்டுக் கிளட்சை விட்டால், ஒரு குலுக்கு குலுக்கி வண்டி உயிர் பெறும். தள்ளியவர்களுக்குக் கையை ஆட்டிவிட்டு நிற்காமல் போய்விடுவார். நின்றால் மறுபடி அணைந்துவிடுமோ என்ற பயம். தன்னைத் தவிர வேறு யார் எடுத்தாலும் அந்த வண்டி கிளம்பாது என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு. அதைக் குறை என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

காது அன்றைக்கு ஒரு கருவி. டாப்பெட் சத்தமா, ஃபேன் பெல்ட் கீச்சிடுகிறதா, சைலன்சர் ஓட்டையா என்று ஓட்டுகிறவர் சொல்லிவிடுவார். டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னியோடு ஒரு பெயின்ட் டப்பாவில் தண்ணீர், ஒரு பழைய ஃபேன் பெல்ட், பிளக் ஸ்பேனர், ஒரு துண்டு உப்புத்தாள், கிழிந்த வேட்டித் துணி. உப்புத்தாள் எதற்கு என்றால், பிளாட்டினம் பாயிண்டைத் தேய்ப்பதற்கு. எஞ்சின் ‘மிஸ்ஸிங்’ அடித்தால் ஓரம் கட்டி, பானட்டைத் தூக்கி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்டில் ஏறிய கரியை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு ஏறி உட்காரலாம். டாக்டரும் வக்கீலும் பள்ளித் தலைமையாசிரியரும் இதைச் செய்தார்கள். செய்யத் தெரியாதவர் டிரைவர் வைத்துக்கொண்டார்.

மீறிப் போனால் மெக்கானிக். வேப்ப மரத்தடியில் ஒரு குழி, மேலே ஒரு தகரக் கொட்டகை, அதுதான் ஒர்க்‌ஷாப். அவர் வண்டியைப் பார்த்த உடனேயே, “போன தடவை போட்ட கிளட்ச் பிளேட் இன்னும் ஓடுது பாருங்க சார்” என்று பழைய கதையிலிருந்து ஆரம்பிப்பார். சாமான் வேண்டுமென்றால் சென்னையில் ஜி.பி. ரோடு, பழைய சாமான் என்றால் புதுப்பேட்டை. குடும்ப டாக்டரைப்போல வீட்டு விசேஷத்துக்கு அவருக்கும் பத்திரிகை போகும்.

சித்திரை, வைகாசியில் கொடைக்கானல் போவதென்றால் பயணமே வேறு. வத்தலக்குண்டு தாண்டி ஏற்றம் பிடித்ததும் எல்லார் கண்ணும் டெம்பரேச்சர் முள்ளின் மேல். நடுவில் பெட்ரோல் பம்ப் சூடேறி, பெட்ரோல் ஆவியாகி, குழாயில் அடைத்துக்கொள்ளும், ஏர்லாக் என்பார்கள். ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிவிட்டுக் காத்திருப்பதுதான் வைத்தியம். வழியெங்கும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் வண்டிகள், ரேடியேட்டர் மூடியைச் சாக்கு போட்டுத் திருகும் மனிதர்கள். முன்பின் தெரியாதவர்கள் தண்ணீர் டப்பாவை மாற்றிக்கொள்வார்கள். குழந்தைகளுக்கு இது கொண்டாட்டம். பெரியவர்களுக்கு அடிவயிற்றில் புளி.

இதையெல்லாம் நினைத்து இன்றைக்கு உருகுகிறவர்கள் அதிகம். எனக்கு அதில் ஒரு சந்தேகம். அம்பாசிடரின் சொகுசைப் புகழ்கிறவர்களில் பாதிப் பேர் அதன் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவர்கள். ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பியவரின் தோளைக் கேட்டால் வேறு சொல்லும். சீட் பெல்ட் கிடையாது. ஏ.சி. என்பது முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைப்பது. நீளமான முன்சீட்டில் மூன்று பேர், அவர்கள் மடியில் இரண்டு குழந்தைகள். பிரேக்கை நம்பி அல்ல, பிள்ளையாரை நம்பித்தான் போனோம். அன்றைய பிரியத்தில் ஒரு பங்கு வேறு வழியில்லாததால் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பழுது பார்த்துப் பார்த்துத்தான் அந்த வண்டியோடு பழக்கம் ஏற்பட்டது. பழுது குறைந்ததும் பழக்கம் குறைந்தது.

குறையத் தொடங்கிய தேதியைச் சுட்டிச் சொல்லலாம். 1983 டிசம்பர் 14. டெல்லியில் இந்திரா காந்தி முதல் மாருதி 800 வண்டியின் சாவியைக் கொடுத்த நாள். 796 சிசி எஞ்சின், விலை ஐம்பதாயிரத்துக்கு உள்ளே, அம்பாசிடரில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் எடை. பழைய ஆட்கள் ‘தகர டப்பா’ என்று சிரித்தார்கள். லாரி மோதினால் என்ன ஆகும் என்று கேட்டார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் அந்த டப்பா சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. நேற்றும் கிளம்பியது, இன்றும் கிளம்பியது. தள்ளுவதற்கு ஆள் தேட வேண்டியதில்லை என்பதே அன்று பெரிய அதிசயம். 1993-இல் கார்த் தொழிலுக்கு லைசென்ஸ் கட்டுப்பாடு நீங்கியது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. ‘இந்த வண்டி எனக்குப் பிடிக்கவில்லை’ என்று சொல்லும் உரிமை அப்போதுதான் நமக்குக் கிடைத்தது. 2000-ஐ ஒட்டி வந்த புகை விதிகள் கார்புரேட்டரை விரட்டின. சோக்கும் அதோடு போயிற்று. விசித்திரம் என்னவென்றால், பழைய காலத்தின் அடையாளமான அம்பாசிடரும் அதை ஓரங்கட்டிய மாருதி 800-உம் ஒரே வருடத்தில் நின்றன. 2014 ஜனவரியில் இது, மே மாதம் அது.

அதே 2014-இல் வேறொன்றும் நடந்தது, பேசப்படாதது. மாருதி செலேரியோவில் கிளட்ச் மிதிக்காத ஏ.எம்.டி. கியர் சின்னக் கார்களுக்கு வந்தது. அதுவரை ஆட்டோமேட்டிக் என்றால் பணக்காரர் சமாச்சாரம். பவர் ஸ்டியரிங் ஏற்கெனவே பரவியிருந்தது. இரண்டும் சேர்ந்ததும் அண்ணா சாலை நெரிசலில் இடது கால் வலி போயிற்று. ஐம்பது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்ட அம்மாக்களை இப்போது எந்தத் தெருவிலும் பார்க்கலாம். கணவரோ டிரைவரோ வரும்வரை காத்திருந்தவர்கள் தாங்களே கோயிலுக்கும் மருந்துக்கடைக்கும் போய் வருகிறார்கள். தினமும் ஓட்டும் காரைப் பற்றி இன்றைக்கு யாராவது மனம் நிறையப் பேசுகிறார்கள் என்றால் இவர்கள்தான். பானட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப் போகிறது?

உண்மையில் இன்று யாருக்குமே தெரியாது. பானட்டைத் திறப்பதே கண்ணாடி கழுவும் தண்ணீர் ஊற்றத்தான். மேலே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி எஞ்சினை மறைத்துக்கொண்டிருக்கும். பழுது என்றால் டயல் நடுவே மஞ்சளாக எஞ்சின் படம் எரியும். என்ன பழுது என்று அது சொல்லாது. சர்வீஸ் சென்டரில் ஏ.சி. அறை, காபி, கண்ணாடிச் சுவர். “சார், சாஃப்ட்வேர் அப்டேட் ஒண்ணு பெண்டிங் இருக்கு, போட்டுடறோம்” என்கிறார் சட்டைப் பையில் பேனா குத்திய இளைஞர். அவர் பெயர் நமக்கு நினைவில் நிற்பதில்லை. அடுத்த முறை அங்கே வேறொருவர் இருப்பார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நம் வண்டியில் கை வைக்கிறவரின் முகத்தை நாம் பார்ப்பதேயில்லை.

அப்படியானால் கவலை போய்விட்டதா? இல்லை. அது பானட்டுக்குள்ளிருந்து இறங்கி வண்டியைச் சுற்றி நிற்கிறது.

முதலாவது கீறல். தெருவில் நிறுத்திவிட்டு சைடு மிரரை மடக்கி வைத்து, நாலடி போய்த் திரும்பிப் பார்க்காதவர் யார்? ஆட்டோவின் ஹேண்டில் உரசியதா, பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளா, பேப்பர் போடுகிறவரின் ஸ்டாண்டா என்று காலையில் துப்பு துலக்குகிறோம். அம்பாசிடரில் ஒடுக்கு விழுந்தால் டிங்கர் தட்டி, பட்டி பூசி, பெயின்ட் அடித்து அனுப்பிவிடுவார். ஊருக்கே இரண்டு மூன்று நிறம்தான், மேட்ச் ஆவது பெரிய காரியமில்லை. இப்போது பம்பர் முனையில் ஒரு கோடு விழுந்தாலும் கணக்கு போட வேண்டியிருக்கிறது: இன்ஷூரன்ஸ் கேட்டால் நோ கிளெய்ம் போனஸ் போகும், கேட்காவிட்டால் கைக்காசு போகும். சீட்டின் பிளாஸ்டிக் உறையை மாதக்கணக்கில் உரிக்காமல் ஓட்டுகிறவர்களைக் கேலி செய்வார்கள். எனக்கு அவர்கள் மேல் இரக்கம்தான். தவணை ஐந்து, ஏழு வருடம் என்று ஓடும்போது, பொருள் புதிதாகவே இருக்க வேண்டும் என்ற தவிப்பு அது.

இரண்டாவது, எங்கே நிறுத்துவது? மாம்பலத்தில் கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்தைக் கண்டுபிடிப்பது எளிது, இடம் கண்டுபிடிப்பதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும். வீட்டில் கார் வைத்துக்கொண்டே மெட்ரோவில் போகிறவர்கள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். அடுக்குமாடியில் சண்டைகளில் பாதி பார்க்கிங் சண்டை.

பாதுகாப்பைப் பற்றிய கவலையையும் சொல்ல வேண்டும்; இது மட்டும் நல்ல கவலை. முன்பு புது வண்டியைப் பார்த்ததும் “லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?” என்று கேட்போம். இப்போது வீட்டுப் பிள்ளைகள் “எத்தனை ஸ்டார்?” என்று கேட்கிறார்கள். 2014-இல் குளோபல் என்கேப் நம் சின்னக் கார்களை மோதிப் பார்த்து, பூஜ்யம் ஸ்டார் போட்டபோது நமக்கு உறைத்தது. 2023-இல் நம் நாட்டின் சொந்த மோதல் சோதனையாக பாரத் என்கேப் வந்தது. ‘லாரி மோதினால் என்ன ஆகும்?’ என்று மாருதியைப் பார்த்துக் கேட்ட கிழவர்களின் கேள்விக்குப் பதில் சொல்ல முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

மாறாதது பூஜை. சென்னை பல்லவன் சாலையில் பாடிகார்டு முனீஸ்வரர் கோயில் வாசலில் போய் நின்று பாருங்கள். மின்சாரக் காருக்கும் அதே மாலைதான், அதே எலுமிச்சம்பழம்தான் நாலு சக்கரத்துக்கும். சத்தமே இல்லாமல் வண்டி நகர்ந்து பழத்தை நசுக்கும்போது மட்டும் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதற்குக் கண்ணாடியையும் நம்பர் பிளேட்டையும் விட்டால் இடமில்லை. பெயின்டில் கறை படியும் என்று பயப்படுகிறார்கள்.

விற்பதும் மாறிவிட்டது. முன்பு இருபது வருடம் ஓட்டி, தெரிந்தவர் கையில் ஒப்படைத்து, “சோக்கை மட்டும் பார்த்து இழுங்க” என்று புத்திமதி சொல்லி அனுப்புவார்கள். இன்று போனில் படம் பிடித்துப் போட்டால் ஆள் வீட்டுக்கே வந்து, பெயின்ட் கனத்தைக் கருவி வைத்து அளந்து, விலை சொல்லி, பணம் அனுப்பி, ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். ஆனால் அதற்கு முன்னால் டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையாரைக் கத்தியால் மெதுவாக நெம்பி எடுக்கிறார்கள். அதைப் பல வீட்டில் பார்த்திருக்கிறேன். புது வண்டியில் முதலில் ஏறுகிறவர் அவர்தான்.

காருக்காக மனிதர்கள் பதறுவதைப் பார்க்க வேண்டுமானால் ஐப்பசி, கார்த்திகையில் வேளச்சேரிக்கு வர வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் கார்கள் மிதந்ததைக் கண்ட ஊர் அது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும், மழை பிடிப்பதற்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தில் இரண்டு பக்கமும் கார்கள் வரிசை கட்டி நின்றன. அபராதம் போடுகிறார்கள் என்று வதந்தி கிளம்பியது, போலீசார் மறுத்தார்கள். சிலர் இதைக் கேலி செய்தார்கள். கேலிக்கு ஒன்றுமில்லை. தரைத்தளத்துச் சாமானை மாடிக்கு ஏற்றுகிறவர், காரையும் ஏற்றுகிறார்.

பெரியப்பா காலத்து ஆட்கள் தேங்கிய தண்ணீரைக் கடக்குமுன் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிடுவார்கள். விசிறி சுற்றித் தண்ணீரை எஞ்சின்மேல் வாரி இறைக்காமல் இருப்பதற்கு. அந்தப் பக்கம் போய் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் காய்ந்த துணியால் துடைத்துவிட்டுக் கிளப்புவார்கள். அந்த வித்தை இன்றைய வண்டிக்கு உதவாது. இன்றைய உரிமையாளர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான், அது கைவேலை அல்ல. தண்ணீரில் நின்றுபோன காரை, தண்ணீர் வடிந்த பிறகும், ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். காற்று போகும் வழியாக உள்ளே போன தண்ணீரைப் பிஸ்டன் அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். செலவு லட்சத்தைத் தொடும். எஞ்சினுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுக்காத பெரும்பாலான பாலிசிகளில் அந்தப் பணம் கிடைக்காது. மின்சாரக் காரை ஆன் செய்யவும் வேண்டாம், சார்ஜரில் சொருகவும் வேண்டாம். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். மழைக்கு முன்னாலேயே உங்கள் பாலிசியை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.