இளைப்பாறும் ஊழியர்க்கு விடையளித்தல்

விழா மலர்களிலே கட்டடங்களுக்கும் பரிசுப் பட்டியல்களுக்கும் கிடைக்கும் இடம், அக்கட்டடங்களைத் திறந்தும் பூட்டியும் ஆயுளைக் கழித்தோர்க்குக் கிடைப்பது அரிது. ஆகவே, பதுளையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் நெடுங்காலம் ஊழியஞ்செய்து இளைப்பாறுவோர்க்கு விடையளிக்கும் வழக்கத்தைப்பற்றி ஈண்டுச் சிறிது உரைக்க விழைகின்றோம்.

1907ஆம் ஆண்டுக் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வியளிக்கும் கடமையைத் தோட்டத் துரைமார்மீது சுமத்திற்று. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அதனை மீண்டும் வலியுறுத்தியது. சட்டம் இவ்வாறிருப்பினும், பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகலைப் பக்கங்களில் நடந்தவை பெரும்பாலும் ஓராசிரியர் பள்ளிகளே. ஒரே கூடம், பல வகுப்புக்கள், ஓர் உபாத்தியாயர். லயத்துக்குச் சென்று பிள்ளைகளை அழைத்து வருபவரும் அவரே. இந்தியாவிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துக் காட்டி, மறுமொழி எழுதிக் கொடுப்பவரும் அவரே. மார்கழியிற் பஜனையை முன்னின்று நடத்துபவரும் அவரேயாவர்.

அத்தகையோர் எவ்வாறு விடைபெற்றனர்? அவர் தோட்ட நிருவாகத்தின் சம்பளகாரர். அரசாங்க ஓய்வூதியத்துக்கு உரியவரல்லர். குடியிருந்த வீடும் தோட்டத்தினது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 1945இல் வந்த இலவசக் கல்வி அவர் பள்ளியை எட்டிப் பார்க்கவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் புறத்தே நின்றன. 1970களின் பிற்பகுதியிலிருந்து படிப்படியாக அவை அரசின் கைக்கு வந்த பின்னரே, தோட்டத்து உபாத்தியாயர் ஓய்வூதியமுடைய ஆசிரியராயினார். அதுகாறும், பிரியாவிடை என்னுஞ் சொல் நகரத்துக் கல்லூரியில் மாலையும் பொன்னாடையுமாகவும், மலைமேற் பள்ளியில் மூட்டை கட்டுதலாகவும் பொருள்பட்டது.

இடையில் வேறொரு விடையளிப்பும் நிகழ்ந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவராயினர். மலையகத்துப் புகைவண்டி நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டிகளில் ஆசிரியரின் மாணவரும் அவர்தம் பெற்றோரும் சென்றனர். வரவு இடாப்பிற் பெயர்கள் வெட்டப்பட்டன. ஆசிரியர் இளைப்பாறும் நாளில் அவரை வாழ்த்த வேண்டிய பழைய மாணவர் கூட்டம், அந்நாள் வருமுன்னரே கடல் கடந்துவிட்டது!

பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர் தம் வயதையும் இருப்பிடத்தையும் காட்டுதற்குப் பள்ளிச் சேர்விடாப்பை நாடினர். எந்த ஆண்டின் இடாப்பு எந்த அலுமாரியில் உள்ளது, அதிலுள்ள "ராமாயி"யே அடையாள அட்டையிலுள்ள "இராமாயம்மா" என்பன அறிந்தவர் பெரும்பாலும் அதிபர் அல்லர். எழுதுவினைஞரோ, முப்பது ஆண்டுகள் மணியடித்த சிற்றூழியரோ ஆவர். அவர் போகும்போது அவ்வறிவும் உடன்போகின்றது. ஆயினும் சேவைநலன் பாராட்டு விழாக்களிற் பொன்னாடைகளின் எண்ணிக்கை பதவிக்கேற்பவே கூடிக் குறைகின்றது. அதிபருக்கு நாதஸ்வரமும் கண்ணாடிச் சட்டத்தில் வாழ்த்துப்பாவும். காவலாளிக்கு ஆசிரியர் அறையில் ஒரு தேநீர். வாழ்த்துப்பாக்களிற் பெயரை மாற்றினால் எவர்க்கும் பொருந்தாதது மிகச் சிலவே என்பதையும் சொல்லி வைப்போம்.

அரச ஊழியரின் கட்டாய ஓய்வு வயது 60. 2022இன் தொடக்கத்தில் அது 65 ஆக உயர்த்தப்பட்டுப் பின்னர் அதே ஆண்டில் மீண்டும் 60 ஆக்கப்பட்டமையால், அவ்வயதைக் கடந்தோர் பலர் 2022 டிசம்பர் 31ஆந் தேதி நாடெங்கும் ஒருங்கே இளைப்பாறினர். ஒருவரை வழியனுப்பவே ஓராண்டு ஆயத்தஞ் செய்யும் பள்ளிகளுக்கு அது பெருந் திகைப்பு. விழா எடுக்க நேரமில்லை என்பது பெரிதன்று. பொறுப்புக்களைக் கையளிக்கவும் நேரம் போதவில்லை என்பதே பெரிது.

விழாவினும் முந்திச் செய்யத்தக்க கடமை ஒன்றுண்டு. ஓய்வூதியத்துக்கு முதல் நியமனக் கடிதம், உறுதிப்படுத்திய கடிதம், சம்பள ஏற்றப் பதிவுகள் ஆகியன சுயவிபரக் கோவையில் ஒழுங்காயிருத்தல் வேண்டும். ஒரு தாள் தவறினும், பெயரில் ஓரெழுத்து மாறினும், இளைப்பாறியவர் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் செயலகத்துக்கும் மாதக்கணக்கில் அலைய நேரிடும். தோட்டத்திற் பிறந்தோர்க்கு இவ்வெழுத்து மாற்றம் மிகச் சாதாரணம். உத்தியோகங்களிலுள்ள பழைய மாணவர், இளைப்பாறும் நாளுக்கு ஓராண்டு முன்னரே அக்கோவையைப் பார்த்துச் சீர்செய்து கொடுப்பாராயின், அது பத்துப் பொன்னாடைக்கு மேலாகும். அவ்வோராண்டில், வாரம் ஒரு மணி நேரம் அவருடன் அமர்ந்து, பழைய இடாப்புக்களைப் புரட்டி, அவர் சொல்வனவற்றை மாணவர் இருவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். காவலாளியிடமும் இவ்வாறே கேட்கலாம். எந்தத் திறப்பு எந்தப் பூட்டுக்குரியது என்பதும் அவருக்கே தெரியும்.